போதும் என்று சொல்லும் நிழல்

என் மேசைக்குப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் ஒரு தொட்டிச்செடி இருக்கிறது. விசேஷமான செடி ஒன்றும் இல்லை. யாரோ கிளையை ஒடித்துக் கொடுத்தார்கள், நட்டேன், பிழைத்துக்கொண்டது. வாரத்துக்கு ஒருமுறை தொட்டியை அரைவட்டம் திருப்பி வைப்பேன். இல்லாவிட்டால் மொத்தச் செடியும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். திருப்பிய அன்று இலைகளெல்லாம் என்னைப் பார்க்கும். இரண்டு நாள் போனால் பக்கவாட்டில் நிற்கும். வாரக் கடைசியில் மறுபடி எனக்கு முதுகு. எத்தனையோ வருடமாக இதைச் செய்துவருகிறேன். இது எப்படி நடக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது செடி இல்லை, ஒரு ஜெல். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு தண்டு தண்ணீருக்குள் நிற்கும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். ஒளிக்கற்றையை வலப்பக்கம் கொண்டுபோனால் தண்டு வலப்பக்கம் சாய்கிறது. இடப்பக்கம் போனால் இடப்பக்கம். விளக்கைச் சுற்றிக்கொண்டு வந்தால் அதுவும் கூடவே சுற்றுகிறது. உள்ளே கம்பி இல்லை, மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. வெட்டிப் பார்த்தால் உள்ளும் புறமும் ஒரே பொருள்தான். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஷிமின் ஹே என்பவரின் குழு 2019இல் வெளியிட்டது. சூரியகாந்தியை நினைத்து 'சன்பாட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பார்த்தவுடன் எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன்: ஒளி பட்ட பக்கம் சூடாகும், சூடான பக்கம் சுருங்கும், சுருங்கினால் அந்தப் பக்கமாக வளையும். இதில் என்ன பெரிய சாமர்த்தியம்? இதை வீட்டிலேயே செய்து காட்டலாமே!

செய்தும் பார்த்தேன். மெல்லிய தாளில் ஒரு பக்கம் முழுவதும் 6பி பென்சிலால் கருகருவென்று தேய்த்தேன். கை, சட்டை, மேசை எல்லாம் கரி. மறுபக்கத்தில் பார்சல் ஒட்டுகிற டேப்பைச் சுருக்கம் விழாமல் ஒட்டினேன். அதிலிருந்து விரல் அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, அடியை மாவுக் களிமண்ணில் செருகி நிறுத்தினேன். முதலில் எல்இடி மேசை விளக்கைக் காட்டினேன். பட்டை அசையவே இல்லை. அப்புறம்தான் புத்தி வந்து, அலமாரியின் அடியில் கிடந்த பழைய 100 வாட் குண்டு பல்பைத் தேடி எடுத்து மாட்டினேன். கறுப்புப் பக்கத்துக்கு நேராகப் பல்பை வைத்ததும் பட்டை மெல்லத் தலையைக் குனிந்து விளக்கைப் பார்த்தது. விளக்கை அணைத்தால் நிமிர்ந்தது. போட்டால் குனிந்தது.

காரணம் எளிது. டேப்பின் பிளாஸ்டிக் சூட்டில் நன்றாக நீளும். தாள் அவ்வளவு நீளாது. போதாக்குறைக்கு அதிலிருக்கும் கொஞ்ச ஈரமும் காய்வதால் சுருங்கவே செய்யும். ஒட்டிப்பிறந்த இரண்டில் ஒன்று நீண்டு ஒன்று சுருங்கினால் வளைவதைத் தவிர வேறு வழியில்லை. நீளும் டேப் வெளிவளைவில், சுருங்கும் தாள் உள்வளைவில். பழைய இஸ்திரிப் பெட்டிகளில் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஈருலோகப் பட்டைக்கும் இதே தத்துவம்தான்.

பெருமை தாங்காமல் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு தடவை பார்த்தாள். "லைட்டை அந்தப் பக்கம் வெச்சா?" என்றாள். வைத்தேன். டேப் இருக்கும் பக்கம். கொஞ்சம் மெதுவாகத்தான், ஆனால் பட்டை வளைந்தது. முன்பு வளைந்த அதே பக்கம். அதாவது விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"அப்பா, இது லைட்டைப் பாக்கலை. லைட் வந்தா குனியுது, அவ்ளோதான்."

அவள் சொன்னதற்குத் தாவரவியலில் முறையான பெயரே உண்டு. தூண்டல் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்கேற்ப வளைந்தால் சார்பசைவு. திசையைப் பற்றிக் கவலையே இல்லாமல், உடம்பின் அமைப்பு எப்படியோ அப்படி மட்டும் அசைந்தால் திசைசாரா அசைவு. தொட்டாற்சுருங்கியை மேலிருந்து தொட்டாலும் கீழிருந்து தொட்டாலும் இலைகள் ஒரே மாதிரிதான் மடியும். என் பட்டை தொட்டாற்சுருங்கிக் கட்சி. அந்த ஜெல் தண்டு வேறு கட்சி. பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்த வித்தியாசம் முப்பது வருடம் கழித்து என் மேசைமேல் குனிந்து நின்றது.

சரி, ஒரு பட்டைக்குப் பதில் நான்கு. கறுப்புப் பக்கம் வெளியே பார்க்கும்படி நான்கு பட்டைகளைச் சதுரமாக நிறுத்தி, தலைகளை நூலால் ஒரு சின்ன அட்டையோடு கட்டினேன். எந்தப் பக்கம் விளக்கு இருக்கிறதோ அந்தப் பட்டை மட்டும் வளைந்து அட்டையைத் தன் பக்கம் இழுக்க வேண்டும் என்பது திட்டம். முதல் அரை நிமிடம் திட்டப்படியே நடந்தது. அட்டை விளக்கு இருந்த பக்கம் சாய்ந்தது. நான் மகளைப் பார்த்தேன். அதற்குள் சுற்றியிருந்த காற்று சூடேறி, மற்ற மூன்று பட்டைகளும் ஒவ்வொன்றாக வெளியே மலர்ந்தன. அட்டை நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. நூல் அறுந்தது. பார்க்க ஒரு கறுப்புத் தாமரை மாதிரி அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் செய்ய நினைத்தது அது இல்லை.

இந்தத் தோல்விக்குப் பிறகுதான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கப் புரிந்தது: ஒளி பட்டால் வளையும் பொருளைச் செய்வது ஒரு வேலை. ஒளியைக் கண்டுபிடித்து, அதன் நேர்க்கோட்டுக்கு வந்ததும் நிற்கும் பொருளைச் செய்வது முற்றிலும் வேறு வேலை.

முதலில் செடியின் கதை. ஒளியை நோக்கிச் செடி வளைவதை மனிதர்கள் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். சூரியனோடு திரும்பும் நெருஞ்சிப் பூவைச் சங்கப் புலவர்கள் காதலுக்கு உவமையாக்கிவிட்டார்கள். காலடியில் முள்ளாகக் குத்தும் செடியின் பூவை இவ்வளவு நேரம் குனிந்து பார்த்திருக்கிறார்களே என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். ஆனால் எந்த இடத்தில் பார்க்கிறது, எந்த இடத்தில் வளைகிறது என்று பிரித்துக் கேட்டவர் சார்ல்ஸ் டார்வின். மகன் பிரான்சிஸோடு சேர்ந்து புல்லின் இளம் முளைகளை ஒரு பக்க ஒளியில் வளர்த்தார். முளையின் நுனிக்கு ஒளி புகாத சின்னக் குல்லாய் போட்டால் அது வளையவில்லை. நுனியைத் திறந்து விட்டுக் கீழ்ப்பகுதியை மறைத்தால் வளைந்தது. வளைவு விழுவதோ நுனிக்குக் கீழே. ஆக, கண் ஓரிடத்தில், இடுப்பு வேறிடத்தில். இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு சேதி போகிறது என்று 1880இல் எழுதினார்கள். அந்தச் சேதி ஒரு வேதிப்பொருள் என்பதை 1920களில் டச்சுக்காரரான ஃபிரிட்ஸ் வெண்ட் காட்டினார். அதுதான் ஆக்சின். அது நிழல் பக்கம் அதிகமாகச் சேர்கிறது, நிழல் பக்கத்துச் செல்கள் அதிகமாக நீள்கின்றன, தண்டு ஒளிப்பக்கம் சாய்கிறது. என் பட்டையில் டேப் செய்த வேலையை இங்கே நிழல் பக்கத்துச் செல்கள் செய்கின்றன. ஒரு வித்தியாசம்: டேப் எது, தாள் எது என்பது முன்கூட்டியே தீர்மானமாகவில்லை. ஒளி வந்த பிறகு, ஒளிதான் தீர்மானிக்கிறது.

இந்த ஒரு வரியைத்தான் பொருள் அறிவியல் ஆராய்ச்சிக்காரர்கள் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டாகத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் கையில் முதலில் கிடைத்த சாமான்களில் ஒன்று அசோபென்சீன். சாயத் தொழிலுக்குப் பழகிய மூலக்கூறு குடும்பம் இது. நடுவில் இரண்டு நைட்ரஜன், இரு புறமும் பென்சீன் வளையம். சாதாரணமாக நீட்டி நிமிர்ந்து கிடக்கும். புற ஊதா ஒளி பட்டால் முழங்கை மாதிரி மடங்கிக்கொள்ளும். 0.9 நானோமீட்டர் நீளம் 0.55 ஆகிவிடும். மடங்கிய வடிவம் ஒன்று இருப்பதை 1937இலேயே ஹார்ட்லி என்பவர் கண்டுவிட்டார். ஆனால் ஒரு மூலக்கூறு மடங்கினால் யாருக்கு என்ன? கூட்டமாக, ஒரே வரிசையில், ஒரே திசையில் மடங்கினால்தான் கண்ணுக்குத் தெரியும் அசைவு பிறக்கும். கச்சேரிக்குப் போனவர்கள் ஆளாளுக்குக் கை தட்டுவதற்கும் எல்லோரும் ஒரே தாளத்தில் தட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

அந்த வரிசையைக் கொடுப்பது திரவப் படிகம். டிவித் திரைகளில் இருப்பதாக நாம் அறிந்த அதே இனம். அதன் குச்சி போன்ற மூலக்கூறுகளை ரப்பர் வலைப்பின்னலில் கோத்துவிட்டால், குச்சிகள் ஒழுங்காக அடுக்கி நிற்கும்போது ரப்பர் நீண்டிருக்கும். ஒழுங்கு குலைந்தால் ரப்பர் சுருங்கும். பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் த ஜென் 1975இலேயே இதைக் கருத்தளவில் சொன்னார், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் அவர். ஹைனோ ஃபிங்கெல்மன் 1981இல் செய்து காட்டினார். பெயர் திரவப் படிக எலாஸ்டோமர். இந்த வரிசைக்குள் அசோபென்சீனை நுழைத்தால், ஒளி பட்டு அது மடங்கும்போது பக்கத்துக் குச்சிகளின் ஒழுங்கையும் சேர்த்துக் கலைத்துவிடும்.

2003இல் ஜப்பானில் இக்கேதாவும் அவருடைய சகாக்களும் இப்படி ஒரு படலம் செய்தார்கள். 366 நானோமீட்டர் புற ஊதா ஒளியை மேலிருந்து காட்டினால் படலம் ஒளியை நோக்கிச் சுருண்டது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் காட்டினால் மறுபடி தட்டையானது. மேல்தோலிலேயே ஒளி உறிஞ்சப்பட்டுவிடுவதால் மேல்தோல் மட்டும் சுருங்குகிறது, அதனால் வளைவு. இதில் நான் ரசித்தது வேறொன்று. முனைவாக்கிய ஒளியை, அதாவது ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளியைப் பயன்படுத்தி, அதன் அதிர்வுத் திசையைத் திருப்பினால் படலம் வளையும் திசையும் திரும்பியது. கிழக்கு மேற்காக வளைந்த அதே படலம் வடக்கு தெற்காகவும் வளைந்தது. அதாவது வளையும் திசை பொருளுக்குள் எழுதிவைக்கப்படவில்லை. ஒளிதான் அதை எழுதுகிறது. என் மகள் இதைப் பார்த்திருந்தால் கொஞ்சம் மரியாதை கொடுத்திருப்பாள்.

ஆனாலும் இது சூரியனுக்கு ஏற்ற பொருள் இல்லை. தரைக்கு வந்துசேரும் சூரிய ஆற்றலில் புற ஊதாவின் பங்கு சொற்பம். முனைவாக்கிய ஒளியைச் சூரியன் நேராக அனுப்புவதும் இல்லை. எனவே இன்னொரு கூட்டம் வேறு வழியில் போனது. மூலக்கூறை ஒளியால் மடக்க வேண்டாம், ஒளியைச் சூடாக மாற்றி அந்தச் சூட்டால் சுருக்கலாம் என்றார்கள். கார்பன் நானோகுழாயோ தங்கத் துகளோ கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியும் ஒளியையே விழுங்கிச் சூடாக மாற்றும். 2012இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹோங்ருயி ஜியாங் குழு, நானோகுழாய் கலந்த திரவப் படிக எலாஸ்டோமர் பட்டைகளை ஒரு சூரிய மின்கலத் தட்டைச் சுற்றிக் கட்டி, வெயில் பட்ட பட்டை சுருங்கித் தட்டைச் சூரியன் பக்கம் சாய்க்கும்படி செய்தது. என் நான்கு பட்டைத் திட்டமேதான். அவர்களுடையது வேலை செய்தது, என்னுடையது மலர்ந்தது.

ஒளியைக் கண்டால் ஓடுகிற பொருள்களும் உண்டு. சாயம் கலந்த எலாஸ்டோமர்த் துண்டு ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மேலிருந்து ஒளி பாய்ச்சினார்கள். அது உடம்பை நெளித்து நீந்தி இருட்டுக்குப் போய்விட்டது. 2004இல் வந்த ஆய்வு இது. முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்கு வந்தால் உள்ளறைக்குள் போய்விடும் பூனை ஞாபகம் வந்தது.

இப்போது அந்த ஜெல் தண்டுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

பொருள், பாலி-என்-ஐசோப்ரோப்பைல்அக்ரிலமைடு என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட பாலிமர். குளிர்ந்திருக்கும்போது இதன் சங்கிலிகளுக்குத் தண்ணீரோடு நல்ல ஒட்டு உறவு. தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு ஊதி நிற்கும். சுமார் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உறவு முறிந்துவிடும். சங்கிலிகள் சுருண்டு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். இந்த ஜெல்லில் தங்க நானோத் துகள்களைக் கலந்து தண்டாக வார்த்தார்கள். பக்கவாட்டில் ஒளி பட்டால், பட்ட பக்கத்தில் ஒரு புள்ளி சூடாகிறது. அங்கே தண்ணீர் வெளியேறுகிறது, அந்தப் பக்கம் சுருங்குகிறது, தண்டு ஒளியை நோக்கி மடிகிறது. தண்டு எல்லாப் பக்கமும் ஒரே பொருள் என்பதால் ஒளி எங்கிருந்து வந்தாலும் இதேதான் நடக்கும். டேப் பக்கம், தாள் பக்கம் என்ற பேச்சே இல்லை.

இதுவரை என் முதல் ஊகம் சரிதான். ஆனால் ஊகம் இங்கே நின்றுவிடுகிறது, தண்டு நிற்கக் கூடாதே? சூடு இருக்கும்வரை சுருங்கிக்கொண்டே போனால், அது ஒளியைத் தாண்டி மடிந்து, தன் வயிற்றில் தானே முட்டிக்கொள்ள வேண்டும். ஏன் சரியாக ஒளியின் நேருக்கு வந்ததும் நிற்கிறது?

நிழலால்.

தண்டின் நுனி ஒளியை நேருக்கு நேர் பார்க்கும் நிலைக்கு வரும்போது, அந்த நுனியின் நிழல் மடிந்த இடத்தின்மேல் விழுகிறது. எந்தப் புள்ளி சூடானதால் வளைந்ததோ அந்தப் புள்ளிக்கு இப்போது ஒளி இல்லை. சுற்றிலும் தண்ணீர், உடனே குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சி ஊதும், தண்டு கொஞ்சம் நிமிரும். நிமிர்ந்தால் நிழல் விலகும், மறுபடி ஒளி படும், மறுபடி சூடு, மறுபடி வளைவு. இந்தச் சின்னச் சின்னத் தள்ளாட்டங்கள் ஒன்றையொன்று தின்று ஒரு சமநிலையில் போய் நிற்கின்றன. அந்தச் சமநிலை இருக்கும் திசைதான் ஒளியின் திசை. விளக்கு நகர்ந்தால் நிழலும் நகரும், சமநிலை குலையும், தண்டு தேடிக்கொண்டு போகும்.

இதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். டார்வினின் புல்முளையில் நுனி பார்க்கிறது, கீழே வளைகிறது, நடுவே ஆக்சின் தூது போகிறது. இந்த ஜெல்லுக்குத் தூது அனுப்ப எதுவும் இல்லை. நுனி தன் நிழலை இடுப்பின்மேல் போடுகிறது, அவ்வளவுதான். நிழல் என்றால் ஒளி இல்லாத இடம். இல்லாத ஒன்றைக் கொண்டு இவ்வளவு துல்லியமான வேலையை வாங்கிவிட்டார்கள்.

துல்லியம் சும்மா வரவில்லை. ஒளி மேல்தோலிலேயே விழுங்கப்பட வேண்டும். உள்ளே ஊடுருவிப் போனால் இரண்டு பக்கமும் சூடாகி, வளைவுக்கே இடமில்லை. சூடு சீக்கிரம் வெளியேறவும் வேண்டும். இல்லாவிட்டால் நிழல் விழுந்த பிறகும் பழைய சூட்டில் வளைந்துகொண்டே இருக்கும். இங்கேதான் தடிமன் முக்கியமாகிறது. சூடோ தண்ணீரோ பொருளுக்குள் பரவ ஆகும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். தடிமனை இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. மில்லிமீட்டருக்குக் குறைவான தண்டு ஏன் என்பதற்கு இது ஒரு பதில். என் நான்கு பட்டைகள் ஏன் தாமரையாயின என்பதற்கும் இதுவே பதில்: சூடு போவதற்கு வழியே இல்லை, அசையாத காற்றும் கூடவே சூடானது. நிழலில் நின்ற பட்டைகளுக்கு நிழலால் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போய்விட்டது.

நிழலை வேறு விதமாகப் பயன்படுத்தியவர்களும் இருக்கிறார்கள். 2017இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது. அசோபென்சீன் படலத்தின் இரு முனைகளையும் பிடித்துக் கட்டி, நடுவில் கொஞ்சம் புடைத்து நிற்கும்படி விட்டார்கள். சாய்வாக ஒளி பாய்ச்சியதும் புடைப்பின் ஒரு சரிவில் ஒளி, மறு சரிவில் நிழல். ஒளி பட்ட சரிவு அமுங்க, புடைப்பு நகர, நிழலும் நகர்ந்தது. கம்பளத்தைக் காலால் உதைத்தால் ஓடும் சுருக்கம் போல, படலம் முழுவதும் அலை ஓடியது. ஒளி இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கும் முன்னால் 2008இல் அமெரிக்க விமானப்படையின் ஆய்வகத்தில் ஒரு பட்டை, லேசர் ஒளியில் நொடிக்கு 30 தடவை அளவில் படபடத்தது. அங்கேயும் கிட்டத்தட்ட இதே கதை: வளைகிறது, ஒளி படும் முகம் மாறுகிறது, திரும்புகிறது, மறுபடி படுகிறது.

மூன்றிலும் ஒளியும் நிழலும்தான் ஆட்டக்காரர்கள். ஒன்று ஓடுகிறது, ஒன்று படபடக்கிறது, ஒன்று நிற்கிறது. நான் புரிந்துகொண்டவரை, எது எப்படி ஆகும் என்பதை முடிவு செய்வதில் பெரும் பங்கு தாமதத்துக்குத்தான். வளைவு நின்ற பிறகும் வேகம் மிச்சமிருந்தால் தாண்டிப் போய்த் திரும்பும், அது ஊசல். தண்ணீர் பிடித்து இழுக்கும் ஒரு மெல்லிய ஜெல்லுக்கு மிச்ச வேகம் என்று எதுவும் இல்லை. அதனால் அடங்கிவிடுகிறது. ஷவரில் வெந்நீர் வரத் தாமதமானால் குழாயை அதிகம் திருகி, சுட்டதும் பின்னுக்குத் திருகி, குளிர்ந்ததும் முன்னுக்குத் திருகி அல்லாடுவோமே, தாமதத்தால் வரும் ஊசலும் அந்தக் கணக்குதான்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டால், கணக்கு ஒன்று இருக்கிறது. தட்டையான பரப்பில் ஒளி செங்குத்தாக விழுந்தால் முழு அளவு கிடைக்கும். 60 டிகிரி சாய்ந்தால் பாதி. 75 டிகிரி சாய்ந்தால் கால்வாசிக்குச் சற்று மேல். காலையும் மாலையும் அசையாத தகடுகள் இழப்பது இதைத்தான். பக்கத்துப் பக்கத்தில் இந்த ஜெல் தண்டுகளை நட்டு, உச்சியில் ஒளியை விழுங்கும் பரப்பை வைத்து நீராவி உண்டாக்கிப் பார்த்ததில், சாய்வான ஒளியில் அசையாத பொருளோடு ஒப்பிட ஆற்றல் அறுவடை 400 சதவீதம் வரை, அதாவது ஏறக்குறைய நான்கு மடங்கு, கிடைத்தது என்று அந்த ஆய்வு சொல்கிறது. இழந்த முக்கால்வாசியை ஏறக்குறைய மீட்டால் வரும் கணக்குதான், மாயம் இல்லை.

செய்திகளில் இதைச் 'சூரியகாந்தி சோலார் பேனல்' என்று எழுதினார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வயல் வயலாக நிற்கும் பெரிய தகடுகளைத் திருப்ப மோட்டாரும் கியரும் போதும். காற்றடிக்கும்போது அசையாமல் பிடிக்கவும் அதுதான் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் ஜெல்லால் கண்ணாடித் தகட்டைத் தூக்க முடியாது. திறந்த வெளியில் விட்டால் ஜெல் காய்ந்துவிடும். இதை அவர்களும் அறிவார்கள், அதனால்தான் ஜெல்லுக்குப் பதில் திரவப் படிக எலாஸ்டோமரிலும் இதே வித்தையைச் செய்து காட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏற்கெனவே இருக்கிற இடம், தனித்தனி மோட்டார் வைக்க முடியாத அளவு சிறியது, ஆயிரக்கணக்கில் வேண்டியது: உப்புநீரை ஆவியாக்கும் பரப்பு மாதிரி ஏதாவது. அங்கே இதற்கு இடம் இருக்கும் என்று படுகிறது. உலகத்தைக் காப்பாற்றும் என்று சொல்லாவிட்டால் ஒரு கண்டுபிடிப்பு அழகில்லாமல் போய்விடாது.

சூரியகாந்தியோடு ஒப்பிடும்போது இன்னொரு விஷயமும் இடிக்கிறது. பூத்து முற்றிய சூரியகாந்தி சூரியனைத் தொடர்வதே இல்லை. தொடர்வதெல்லாம் வளரும் பருவத்து இளஞ்செடிதான். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் அதிகம் வளர்ந்து தலையை மேற்கே சாய்க்கிறது. இரவில் மேற்குப் பக்கம் அதிகம் வளர்ந்து மறுபடி கிழக்கே கொண்டுவருகிறது. இரவில் ஏது சூரியன்? விடிவதற்கு முன்பே அது கிழக்கைப் பார்த்து நிற்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஸ்டேசி ஹார்மர் குழு 2016இல் இதை நுணுக்கி ஆராய்ந்தது. தலைக்கு நேர் மேலே அசையாத விளக்கின்கீழ் கொண்டுவைத்த செடிகள்கூடச் சில நாள் கிழக்கும் மேற்குமாக ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. வளர்ச்சி நின்றதும் ஆட்டமும் நிற்கிறது, பூ கிழக்கு நோக்கியே நிலைக்கிறது. காலை வெயிலில் சீக்கிரம் சூடாகும் அந்தப் பூக்களுக்கு, மேற்கே திருப்பிவைத்த பூக்களைவிட ஐந்து மடங்கு பூச்சிகள் வந்தன.

ஜெல் தண்டுக்கு அந்தக் கடிகாரம் கிடையாது. விளக்கை அணைத்தால் நேராக நிமிர்ந்து நிற்கும், அடுத்து ஒளி எங்கிருந்து வரும் என்று அதற்குத் தெரியாது. வந்த பிறகு திரும்பும். செடி வருவதற்கு முன்பே திரும்பி நிற்கிறது.

இதை மகளிடம் சொன்னேன். "நம்ம பட்டை ராத்திரி என்ன பண்ணும்?" என்றாள். எதுவும் பண்ணாது, நேராக நிற்கும் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனோம். மிச்சமிருந்த ஒரு பட்டை மட்டும் களிமண்ணில், அணைந்த குண்டு பல்பைப் பார்த்தபடி நின்றிருந்தது.

காலையில் அவள்தான் முதலில் பார்த்தாள். பட்டை பல்புக்கு எதிர்ப்பக்கமாக, லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல் சாய்ந்திருந்தது. இரவில் தாள் ஈரத்தை உறிஞ்சி நீண்டிருக்கும், டேப் நீளாது, அதனால் வளைவு தலைகீழாகிவிட்டது. இதை நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அவள் பல்பை எடுத்து மறுபக்கம், பட்டை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் வைத்துவிட்டு, சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.